ராட்டினத்துக்கு ஒரு விண்ணப்பம்

எழுத்தில் வரும் எந்தக் கோரிக்கைக்கும் முப்பது வேலை நாட்களுக்குள் பதில் அனுப்பப்படும். மொன்றியலுக்கு வெளியே இருந்த ஒரு சிறிய கேளிக்கைப் பூங்காவின் விதி இது. நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை வாசித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கொழும்பில் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் குப்பை கொட்டியவன் வேறு எதை வாசிப்பான்?

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மொன்றியல் புறநகரான ரொக்ஸ்பரோவில் மகளுடன் இருந்த ஒரு பெரியவரை அந்தப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். எண்பத்திரண்டு வயது. எங்கள் வயதுக்காரருக்கு அவர் பெயர் வேண்டாம், 'கார்னிவல்காரர்' என்றால் போதும். நாங்கள் முதன்முதலில் ஏறிய ராட்டினம் அவருடையது. பிறகு கொழும்புக்குப் பக்கத்தில் நிரந்தரமாகவே ஒரு பூங்கா கட்டினார். 1983 கலவரத்தில் அதை எரித்தார்கள். இங்கே அவருக்கு, மகள் வேலையால் வரும்வரை யன்னலோரம் இருப்பதுதான் வேலை. என்னிடம் ஒரே ஒரு ஆசை சொல்லியிருந்தார். இன்னும் ஒருக்கால் ஒரு ராட்டினத்தைத் தன் கையால் சுற்றி நிறுத்த வேண்டும்.

போனதும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ராட்டினத்தை இயக்கியவள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு கியூபெக் பெண்.

"ஒரு பக்கமாய் ஏத்துறாள். எதிர்ப்பக்கமும் ஏத்து பிள்ளை, பாரம் இழுக்கும்!" என்று தமிழிலேயே கத்தினார். இரண்டு கைகளாலும் தராசு மாதிரிக் காட்டினார். அவளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த சோடியை எதிர்த் தொட்டிலில் ஏற்றினாள். சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்தாள். இரவுப் பள்ளியில் படித்த என் பிரெஞ்சில் அவர் யார், அவருடைய ஆசை என்ன என்று சொன்னேன். இவர்கள் இறங்கியதும் ராட்டினம் வெறுமையாக இருக்கும், மெஸ்யூ ஒருமுறை அதை இயக்கிப் பார்க்கட்டும் என்றாள். வாசல் சங்கிலியைத் தூக்கியும் பிடித்தாள்.

அவர் குனிந்தார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் ஐயா. உங்களை மாதிரி ஒரு ஆள் சங்கிலிக்குக் கீழாலை பூரக் கூடாது. நான் நிர்வாகத்துக்கு எழுதிறன். அவையே மரியாதையாய்க் கூப்பிடுவினம்."

"அவளே விடுறாள் தம்பி, நீர் ஏன் மறிக்கிறீர்? என்ரை கார்னிவலுக்கு எத்தினை பெடியள் வேலிக்குக் கீழாலை பூந்தவங்கள். நான் ஒருத்தனையும் மறிக்கேல்லை."

பிறகு அவளுக்கு வேலை போய்விடலாம் என்று விளக்கினேன். அதைக் கேட்டதும் நிமிர்ந்துவிட்டார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் சங்கிலியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு போனாள்.

கடிதத்தைக் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, பழைய கார்னிவல் நோட்டீசின் பிரதி இணைப்பு, பதிவுத் தபால். முப்பது வேலை நாளும் போனது. முதலாம் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இரண்டாவது. அவர் வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"ராட்டினத்தை நிப்பாட்ட எனக்கு எட்டுச் செக்கன் காணும் தம்பி. உம்மடை கடுதாசி இன்னும் சுத்துது போலை."

ஒக்டோபரில் குளிர்காலத்துக்காகப் பூங்காவை மூடினார்கள். ஜனவரியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சில் சளி. கண்ணைத் திறந்து, "பதில் வந்ததோ?" என்று கேட்டார்.

'ஓம் ஐயா, வந்திட்டுது, வரச் சொல்லுகினம்' என்று சொல்லியிருக்கலாம். யாருக்கு என்ன நட்டம்? ஆனால் வராத கடிதத்தை வந்ததென்று நான் ஒரு நாளும் பதிந்ததில்லை. "இன்னும் இல்லை" என்றேன்.

"அது நல்ல பிள்ளை," என்றார். சங்கிலி தூக்கியவளைத்தான் சொன்னார். மறுநாள் போய்விட்டார்.

பதில் கடைசியில் வந்தது. இரண்டே பந்தி. கடிதம் தவறான பிரிவுக்குப் போனதால் தாமதம், வருந்துகிறோம் என்பது முதலாவது. இப்படியான விஷயத்துக்கு எழுத்தில் அனுமதி தேவையில்லை, ராட்டினம் வெறுமையாக இருக்கும்போது அதை இயக்குபவர் சம்மதித்தால் போதும், அந்தப் பெரியவர் எப்போதும் வரலாம் என்பது இரண்டாவது. எல்லா விதியும் தெரிந்த எனக்கு அந்த ஒரு விதி தெரியாமல் போனது.

இப்போதும் கர்க்லாண்டில் என் வீட்டுக்கு விண்ணப்பம் எழுதுவிக்க ஆட்கள் வருகிறார்கள். பேனையை எடுக்க முன்னம், அங்கே யாராவது ஏற்கெனவே ஓம் என்று சொன்னார்களா என்று கேட்கிறேன். சொன்னார்கள் என்றால், எழுதாமல் ஓடிப் போங்கோ என்று அனுப்பிவிடுகிறேன். அந்தக் கடித உறையை மட்டும் எந்தக் கோப்பிலும் போட மனம் வரவில்லை. ரொக்ஸ்பரோ வீட்டில் படையல் முடிந்து, சாப்பிட்டுத் திரும்பி வந்து தபால் பெட்டியைத் திறந்தபோது கிடந்தது அது. அன்று அவருடைய முப்பத்தோராம் நாள்.