புகார்ப் பிரிவு கைப்பற்றப்பட்டது

அவருக்குப் புரட்சி என்று பெயர் வந்ததற்கு ஒரு டீ மெஷின்தான் காரணம். ஆபீசில் எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருந்த அந்த மெஷினை நிர்வாகம் திடீரென்று தூக்கி மேல்மாடியில் வைத்துவிட்டது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ‘இது அநியாயம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு. கீழே பெயர் இல்லை. ஆனால் அச்சில் வார்த்த மாதிரி அப்படி எழுதக்கூடிய ஆள் அந்த ஆபீசில் ஒருவர்தான். டீ மெஷின் கடைசி வரை கீழே இறங்கவில்லை. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவரும் மறுக்கவில்லை; ஓசியில் வந்த பட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவு அவருக்கு. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவர் காதில்தான் மணி அடிக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவரை அமைதிப்படுத்தி, பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பார்த்து அனுப்ப வேண்டும். வாழ்நாளில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகியதில்லை என்றாலும், மாமனார் வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், “லிஃப்ட் லைன்ல இருக்கேன்” என்று காலரைச் சரிசெய்துகொள்வார்.

வீடு ஒரு கூடமும் சமையலறையும். கூடத்தின் ஒரு மூலையில் மனைவியின் தையல் மெஷின். துணிக்கடையிலிருந்து வெட்டிய துணி மூட்டையாக வரும். அந்த அம்மாள் தைத்து அனுப்புவார். ஜன்னலோரம் வெளிச்சம் விழுகிற ஒரே இடம். அங்கே பத்தாவது படிக்கும் மகளின் மேஜை. மீதியில் மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடமாடப் பழகியிருந்தார்கள்.

பட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று புரட்சி பழைய புத்தகக் கடையில் ஒரு தடிமனான புத்தகம் வாங்கியிருந்தார். முன்னுரையை முழுசாகப் படித்தார். மீதியை அட்டையைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

இந்த நிலையில்தான் மேனேஜர் பிரிவிலிருந்த ஏழு பேரையும் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். “பிரிவுல மூணு பேர் அதிகம்னு முதலாளி நினைக்கிறாரு. யாருன்னு இன்னும் சொல்லல.” சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்தார். ஆபீசிலேயே தலை சாய்க்க வசதியுள்ள நாற்காலி அது ஒன்றுதான். எத்தனை பேர் கண் அதன் மேல் இருந்தது என்று அவருக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் புரட்சிக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. மூன்று பேரில் தான் ஒருவனோ என்ற பயம். பயத்தை வெளியே காட்ட முடியுமா? கொள்கையாக மாற்றிப் பேசினார்.

“உற்பத்திச் சாதனம் உழைக்கிறவன் கைக்கு வந்துட்டா போதும், எல்லாம் சரியாயிடும்.”

“அப்படின்னா என்னங்க?” என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

“உன் மெஷின் மாதிரி. மெஷின் யார் கையில இருக்கோ, அவங்கதான் முதலாளி.”

“இது என் மெஷின்தான். கரண்டும் நம்ம வீட்டுக் கரண்டுதான். நான் முதலாளின்னு அந்தக் கடைக்காரர்கிட்ட கொஞ்சம் சொல்லிட்டு வாங்களேன். நேத்து மூட்டையைத் தூக்கி மூஞ்சில எறியாத குறை.”

அதெல்லாம் வேறு விஷயம் என்று புரட்சி சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் டீ நேரத்தில் ஏழு பேரும் படிக்கட்டில் கூடினார்கள். ஆபீசைக் கைப்பற்றுவது என்று ஒருமனதாக முடிவானது. எதைக் கைப்பற்றுவது என்பதில்தான் சிக்கல்.

“கம்ப்யூட்டரை எடுத்துக்கலாம்” என்றார் தாடிக்காரர்.

“அது காலையில பாஸ்வேர்டு கேக்கும். அதை முதலாளியோட ஆளுங்கதான் மாத்துறாங்க” என்றார் பிரிவில் மூத்தவரான அக்கா. “மெக்கானிக்குகிட்டயாவது ஸ்பேனர் இருக்கு தம்பி. நம்மகிட்ட என்ன இருக்கு? ஸ்டேப்ளர்.”

“மேனேஜர் சேர் இருக்கே” என்று யாரோ சொன்னார்கள். ஏழு பேரும் பிரிவின் பக்கம் மரியாதையோடு எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில், கூட்ட அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவது, யாரையும் வேலையை விட்டு எடுக்க மாட்டோம் என்று முதலாளி வாக்குக் கொடுக்கும் வரை வெளியே வருவதில்லை என்று தீர்மானித்தார்கள். போனால், அறை பூட்டியிருந்தது. முன்பதிவு செய்தால்தான் அந்தக் கதவு திறக்கும். வேறு ஆட்களாக இருந்தால் உடைத்திருப்பார்கள். இவர்கள் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் பதிவு செய்தார்கள். காரணம் கேட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத புரட்சி, ‘நிர்வாகத்துக்கு எதிராக உள்ளிருப்புப் போராட்டம்’ என்று அடித்தார். முடியும் நேரம் கேட்டது. ‘கோரிக்கை நிறைவேறும் வரை’ என்பதை அது ஏற்கவில்லை. சாயங்காலம் ஆறு மணி என்று போட்டார்கள்.

அனுமதி கொடுக்க வேண்டியவர் மேனேஜர். கொடுத்தார். ‘போகும்போது ஏசியை அணைக்கவும்’ என்று குறிப்பு வேறு. கொஞ்ச நேரத்தில் தன் மேஜையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டோடு கதவைத் தட்டினார்.

“நான் கேட்டுப் பாத்தேன் சார், முடியல. நீங்களாவது கேளுங்க” என்று புரட்சியின் கையில் பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போனார். ஆள் நல்லவர்தான், வர்க்கம்தான் சரியில்லை என்று புரட்சி விளக்கினார். பிஸ்கட் காலியானது.

போராட்டம் அரைமணி நேரம் அமோகமாக நடந்தது. பிறகு வெளியே போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு பேரும் கூரையைப் பார்த்தார்கள். புரட்சியால் முடியவில்லை, எழுந்து ஓடினார். எங்கோ ஒரு லிஃப்டில் ஒரு தாயும் கைக்குழந்தையும். “பயப்படாதீங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்” என்றார். அந்தக் குரலில் மட்டும் அவருக்குக் கொள்கை எதுவும் கிடையாது. ஆள் வெளியே வரும் வரை அவருக்கே மூச்சு முட்டும்.

ஓடி ஓடி எடுப்பானேன் என்று போன்களையும் கம்ப்யூட்டர்களையும் கூட்ட அறைக்கே கொண்டுவந்தார்கள். காலைக் கூட்டம் இல்லை, மணிக்கொரு அறிக்கை இல்லை. அக்கா ஒரு மேஜை தள்ளிக் குரல் கொடுத்தால் தாடிக்காரர் மெக்கானிக்கை அனுப்பிவிடுவார். மூன்றாம் நாள் தேங்கிக் கிடந்த பழைய புகார்கள்கூடத் தீர்ந்துபோயின. மேனேஜர் காலியான பிரிவில் தனியாக உட்கார்ந்து, தினமும் அவர்களுடைய முன்பதிவை நீட்டித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி வந்தது அன்றைக்குத்தான். வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். புரட்சி எழுந்தார். எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது.

“பாத்துக்கங்க சார்! மேனேஜர் இல்லாமலே எல்லாம் நடக்குது!”

முதலாளி கை தட்டினார். “ரொம்பச் சரி. ஒருத்தரையும் எடுக்க மாட்டேன். இனிமே இந்தப் பிரிவு உங்களோடது. கம்ப்யூட்டர், போன், சேர் எல்லாம் உங்ககிட்டயே கொடுத்துடறேன். வீட்டுக்கே கொண்டு போயிடுங்க, அங்கிருந்தே பாருங்க.” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாடிக்காரர் விசிலடித்தார். போராடிய தலைவர் என்பதால், சாயும் நாற்காலி புரட்சிக்கு என்று முதலாளி வாயாலேயே வந்தது. காலியாகப் போகும் தளத்துக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம் வாடகை பேசிவிட்டுப் போயிருந்ததை யாரும் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது?

நாற்காலியை இறக்கும்போது லிஃப்ட் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டவர் மேனேஜர். தோளில் சாப்பாட்டுப் பை. “சேரோட லீவர் கொஞ்சம் இறுக்கமா இருக்கும் சார். மெதுவா இழுங்க” என்றார். சரி சரி என்று புரட்சி உள்ளே தள்ளினார்.

வீட்டில் இடம் தேடியபோதுதான் பிரச்சினை. கம்ப்யூட்டருக்கு ஜன்னலோரம்தான் தோது. மகள் புத்தகங்களைச் சமையலறைக்குக் கொண்டுபோய், அரிசி டப்பாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். அதைப் பார்த்தபோது புரட்சிக்கு என்னவோ போலிருந்தது. மனைவி தையல் மெஷினைக் கொஞ்சம் நகர்த்தி வழி விட்டார்.

“வாங்க முதலாளி, உக்காருங்க. இந்தக் கம்பெனியில வேலை முடியிற நேரம்னு ஒண்ணு கிடையாது, தெரியுமில்ல?”

புரட்சி சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, தலையைச் சாய்த்தார்.

“நல்லா இருக்கே. யாரு சேரு இது?”

“எங்க மேனேஜரோடது. ஜெயிச்சதுக்கு எனக்குக் கொடுத்துட்டாங்க.”

மனைவி தையலை நிறுத்தினார். “அப்ப அவரு எதுலங்க உக்காருவாரு?”

புரட்சி நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். பிஸ்கட் பாக்கெட்டும் சாப்பாட்டுப் பையும் நினைவுக்கு வந்தன. வாசலில் நின்ற முதலாளியிடம் ‘மேனேஜர் இல்லாமலே’ என்று தான் போட்ட சத்தமும் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து உட்காரலாம் என்று லீவரை இழுத்தார். மேனேஜர் சொன்ன மாதிரியே இறுக்கமாக இருந்தது. மல்லாந்தபடியே கிடந்தவருக்குப் பக்கத்தில் போன் அடித்தது.

“வணக்கம், புகார்ப் பிரிவு” என்றார். “பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்.”