ஆனைநெருஞ்சி மோர்

எங்கள் சின்னமாமாவுக்குத் தண்ணீரைக் கட்டிப்போடத் தெரியும். ஒரு கிளாஸ் தண்ணீரோடு வீட்டுக்குப் பின்னால் போவார். திரும்பி வந்து, "சொல்லுக் கேக்குதோ பாப்பம்" என்று கிளாஸைச் சரிப்பார். தண்ணீர் சிந்தாது. முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் கொழகொழவென்று இறங்கி, பாதிவழியில் யோசித்துக்கொண்டு தொங்கும். "உவனுக்கு வயசு முப்பதாகுது, இன்னும் தண்ணியோடை விளையாட்டு" என்பார் அம்மா. அம்மாவின் தம்பி அவர். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த ஒரேயொரு விஞ்ஞானியும் அவர்தான்.

இரகசியம் கேட்டால் மந்திரம் என்றார். மந்திரத்தை நம்புகிற ஆள் நானில்லை. ஒருநாள் பதுங்கிப் பதுங்கிப் பின்னால் போனேன். பண்டத்தரிப்பில் எங்கள் வளவுக்குப் பின்னால் தோட்டங்களுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. மாமா பாதையோரத்தில் ஒரு செடியை முறித்தார். தண்ணீருக்குள் விட்டுச் சுழற்றினார். பிறகு அதை எடுத்து எறிந்துவிட்டார். மந்திரம் அவ்வளவுதான்.

அது ஆனைநெருஞ்சி. தடித்த இலை, மஞ்சள் பூ, நாலு மூலையிலும் முள்ளோடு ஒரு காய். ஆடு மிதிக்கும், சைக்கிள் ஏறும், மழை மாதக்கணக்கில் எட்டியும் பார்க்காது. அது தன்பாட்டில் பூத்துக்கொண்டிருக்கும். இப்போது நான் தாவரவியல் படிக்கிறேன். இலையில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள்தான் தண்ணீரைத் தடிக்கச் செய்கின்றன என்று விரிவுரையாளர் சொன்னபோது, மோர்க் கதையைச் சொல்லக் கை உயர்த்தப் பார்த்தேன். நல்லகாலம், உயர்த்தவில்லை.

மோர்க் கதை இதுதான். கோயில் தேருக்கு எங்கள் ஒழுங்கைப் பெடியள் சந்தியில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். மோருக்குப் பொறுப்பு சின்னமாமா. அந்த வருடம் பந்தலுக்குக் கிடுகு கட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் வந்து நின்றார்.

"தம்பி, போன வருசம் உன்ரை மோரிலை முகம் பாத்து, சீப்பாலை தலை இழுத்தனான். இந்த வருசமும் அப்பிடித்தானோ?"

கூட வந்த அவருடைய மகள், பாலர் பாடசாலை ரீச்சர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இந்த வருசம் அகப்பை நிமிந்து நிக்கும் ஐயா" என்றார் மாமா. காது சிவந்துபோயிருந்தது. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மோருக்காக ஒரு மனிதர் இப்படி வாடுவாரா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

தேரன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மாமா வடம் பிடிக்கப் போய்விட்டார். சனம் குடிக்கக் குடிக்கப் பெரிய கிடாரத்தில் மோர் இறங்கியது. பெடியள் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் குளத்தில் நீந்துவதுபோல நீந்தின. எட்டிப் பார்த்தால், தேருக்குப் பின்னால் குடை பிடித்தபடி தபாலதிபர் வருகிறார், பக்கத்தில் மகள்.

நான் பாதைக்கு ஓடினேன். கைகொண்ட மட்டும் ஆனைநெருஞ்சி முறித்து, குழாயில் கழுவி (அவ்வளவு புத்தி இருந்தது), கிடாரத்துக்குள் அமிழ்த்திக் கலக்கினேன். பார்த்துக்கொண்டிருக்கவே மோர் தடித்தது. தபாலதிபர் ஒரு கப்பை வாங்கிக் குடித்துவிட்டு, "ம். மோர் எண்டால் இது" என்றார்.

அதோடு செடியை வெளியே எடுத்திருக்க வேண்டும். மாமா ஏன் அதை உடனே எடுத்து எறிந்தார் என்பதை நான் யோசிக்கவில்லை. வடம் விட்டு, வேர்வை ஒழுக மாமா பந்தலுக்கு வந்து அகப்பையைத் தூக்கியபோது, கிடாரமே கூட எழும்பி வருவதுபோல மோர் கயிறாக இழுபட்டது. அதன் நுனியில் ஒரு முழுச் செடி, பூவோடு.

தபாலதிபர் கப்போடு கிட்ட வந்தார்.

"தம்பி, உது என்ன?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தபாலதிபரைப் பார்த்தார். "சூட்டுக்கு நல்லதெண்டு நான்தான் போட்டனான் ஐயா. ஆனைநெருஞ்சி."

"இல்லை, நான் போட்டனான்" என்றேன். இப்படியொரு கண்டுபிடிப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"சும்மா இரு பிள்ளை. பெரியாக்கள் கதைக்கேக்கை."

தபாலதிபர் செடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "உதுக்குத்தானே நான் கிழமைக்கு ஒருக்காப் பரியாரியார் வீட்டை அலையிறன். நீர் கடுத்துச் சாகிறன். ஒழுங்கைக்குள்ளையே கிடக்குது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை." கப்பை நீட்டினார். "விடு இன்னொண்டு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடிந்த பிறகும் ரீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் ஒரு கப் கேட்டார். மாமா வார்த்தார். அகப்பைக்கும் கப்புக்கும் நடுவில் மோர் நூலாகத் தொங்கியது. அதை அறுக்க இருவருக்கும் அவசரம் இருக்கவில்லை. ரீச்சர் குடித்து முடித்து இன்னொன்று கேட்டார். அதற்குப் பிறகும் ஒன்று. என் மோருக்கு இப்படியொரு மவுசா என்று நான் பூரித்துப்போனேன். பின்னேரம் குடித்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வேலியோரம் தேடி ஓடியதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

அடுத்த வருடத் தேருக்கு முன்பே மாமாவுக்கும் ரீச்சருக்கும் கலியாணம் முடிந்து, இருவரும் அரியாலைக்குக் குடிபோனார்கள். நாங்கள் முதல் விருந்துக்குப் போனபோது, சாப்பாட்டின் கடைசியில் எல்லோருக்கும் மோர் வந்தது, மாமியைத் தவிர.

"அவவுக்குச் சின்னனிலையிருந்தே மோர் ஆகாது" என்றார் தபாலதிபர். "மணந்தாலே ஓங்காளிச்சுச் சத்தி எடுப்பா."

"பொய்" என்றேன் நான். "மாமிக்கு மோர் எண்டால் உயிர். மூண்டு கப் குடிச்சவ. நான் பாத்தனான்."

மாமா சோற்றுக் கோப்பையைக் குனிந்து பார்த்தார். மாமி எழும்பிக் குசினிக்குள் போனார். மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நேரில் கண்ட சாட்சி சொல்லியும் ஏன் ஒருவரும் நம்பவில்லை என்று, வீடு வந்து சேரும்வரை நான் அம்மாவோடு வழக்காடிக்கொண்டே வந்தேன்.