அண்ணன் மகளுக்குக் கொண்டுபோன பொங்கல் சீர்

அண்ணன் மகளுக்குச் சேரவேண்டிய பணத்தை நான்கு வருடம் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஏமாற்றினேன் என்று எழுதுவதுதான் சரி.

கும்பகோணத்து வீட்டை விற்று, பணத்தைத் தன் ஒரே மகளிடம் கொடுக்கவேண்டும் என்று அண்ணன் உயில் எழுதி, அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். அவர் இறந்த வருடமே வீட்டை விற்றுவிட்டேன். பணம் என் கணக்கில் இருந்தது. தஞ்சாவூரில் என் மகன் வீடு கட்டிக்கொண்டிருந்தான். தளம் போடப் பணம் போதாமல் அவன் நின்றபோது அதிலிருந்து எடுத்தேன். பிறகும் எடுத்தேன்.

அவள் திருத்துறைப்பூண்டி பக்கம் இருந்தாள். கணவருக்குக் குத்தகைச் சாகுபடி. போன் செய்தால், "உயிலுக்குக் கோர்ட்டு ஆர்டர் வரணும்மா" என்பேன். கல்லூரியில் பாடம் நடத்தியவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

பிறந்த வீட்டில் வேறு யாரும் இல்லாததால் பொங்கல் சீரும் நான்தான் கொண்டுபோவேன். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை. "அப்பா இல்லாத குறையே தெரியல" என்று பக்கத்து வீட்டில் சொல்வாள். என்னால் உட்காரமுடியாது. பாதிக் காப்பியோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். அந்தப் புடவையே அவள் பணத்தின் வட்டியில் வாங்கியது.

நான்காம் வருடம் மாசியில், குத்தகை நிலத்தை அதன் சொந்தக்காரர் விற்க முடிவு செய்தார்.

"சித்திரை வரைக்கும் எங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்னாரு சித்தப்பா. அப்பா பணம் வந்துட்டா வாங்கிடலாம்."

"வந்துடும்மா."

வரவில்லை. நிலத்தை வேறொருவர் வாங்கினார். ஆனியில் நான் போனபோது, அவள் கணவர் அதே வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா. அதே வயலுதான். இப்ப கையில சம்பளம் குடுக்குறாங்க" என்று சிரித்தார்.

அவர் வீட்டுக்குள் நான் போகவில்லை. திரும்பிவந்து என் பங்கு நிலத்தை விற்று, முழுப் பணத்தையும் வட்டியோடு அவள் கணக்கில் போட்டேன். நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கோர்ட்டுல ஒண்ணுமே இல்லையா சித்தப்பா?"

"இல்லம்மா."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வயல் திரும்பக் கிடைக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கும் சீரோடு போனேன். காப்பி கொடுத்தாள். பையைப் பார்த்தபடி கேட்டாள்: "இது யாரு காசு?"

"என் பென்ஷன்மா."

மஞ்சள் கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். "பானைக்குக் கட்ட இது போதும். மத்ததை எடுத்துட்டுப் போங்க."

இந்த வருடம் மஞ்சள் கொத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டாள்.