ஆவடியில் பூத்த அசேலியா

குன்னூரில் அசேலியாவை யாரும் ‘வளர்ப்பதில்லை’. வேலியோரம் நட்டுவிட்டு மறந்துவிடுவோம். மீதியைக் குளிரும் பனிமூட்டமும் பார்த்துக்கொள்ளும். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். பருவம் வந்தால் இலை தெரியாமல் ரோஸ் நிறத்தில் பூக்கும். நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

எண்பதுகளின் நடுவில் என் கணவருக்குப் பதவி உயர்வோடு ஆவடித் தொழிற்சாலைக்கு மாற்றல் வந்தது. ஒரு பொங்கல் கழிந்ததும் குவார்ட்டர்ஸில் குடியேறினோம். மாசி முடிவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஊருக்கே போய்விடலாம் என்று தினமும் அழுதேன்.

“அடுத்த பொங்கல் வரைக்கும் பாரு. அப்பவும் பிடிக்கலைன்னா, பதவி உயர்வு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுத் திரும்பிடலாம்” என்றார் அவர்.

பால்பவுடர் டப்பாவில் ஓர் அசேலியாக் கன்றைக் கொண்டுவந்திருந்தேன். அதைக் காட்டி, “பொங்கலுக்குள்ள இது பூத்தா இங்கயே இருக்கேன். செத்துப்போச்சுன்னா கிளம்பிடணும்” என்றேன். செத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பக்கத்திலேயே, மண்ணூர்பேட்டையில் பிறந்தவள். டப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“வெய்யிலு மண்டைய பொளக்குற ஊருக்கா இது. இத்த போய் எத்துகினு வந்துகீறியே. சித்திரை தாங்காதுக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. என் செடி சாகும் என்று நான் சொல்லலாம், இவள் சொல்லலாமா? அந்த நிமிஷமே என் கட்சி மாறிவிட்டது.

பின்பக்கம் ஒரு பெரிய வேப்பமரம். அதன் நிழலில் ரோஜா வராது, கத்தரி வராது என்று எங்கள் வரிசையில் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த நிழல்தான் வேண்டியிருந்தது. பெரிய மண்தொட்டி வாங்கி, செடியை அங்கே வைத்து, உதிர்ந்த வேப்பிலையை வேரைச் சுற்றிப் பரப்பினேன். சித்திரையைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சளாகத் தொடங்கியது. எரு போட்டேன், இன்னும் வெளுத்தது. ஜெயிக்கப்போவது பக்கத்து வீட்டுக்காரிதான் என்று தோன்றியது.

ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆவடிக் கிணற்றுத் தண்ணீர் குடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும்; புளிக்குத்தான் அது விட்டுக்கொடுக்கும். தேய்த்த கை அப்படியே நின்றது. குடத்திலேயே இப்படி ஏறும் சுண்ணாம்பு வேரை மட்டும் விட்டுவைக்குமா?

அன்றிலிருந்து மழைத்தண்ணீரைப் பிடித்து அந்தச் செடிக்கென்றே வைத்தேன். மழை இல்லாத நாட்களில் உப்புச் சேராத புளியை நீர்க்கக் கரைத்து எப்போதாவது ஊற்றினேன்.

“இன்னாக்கா, செடிக்கு ரசம் வச்சி ஊத்துறியா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“ஆமா, அப்பளமும் பொரிக்கணும்” என்றேன்.

ஐப்பசி மழையில் புது இலைகள் பச்சையாக வந்தன. இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுக்க எனக்குப் புத்தகமும் இல்லை, ஆளும் இல்லை. என் மூளை, என் புளி. இன்றைக்கும் அதை நினைத்தால் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

பொங்கலுக்கு முந்தின வாரம் காலையில் துணி துவைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று நான்கு பூக்கள்தான். குன்னூரில் யாரும் மதிக்காத அதே ரோஸ் நிறம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி பூவைப் பார்த்தாள். மறு நிமிஷம் வரிசை முழுக்க அவள் குரல்தான்.

“எல்லாம் வாங்க! எங்க அக்கா ஊட்ல மலைப்பூ பூத்துகீது!”

சாகும் என்று சொன்னது அவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. சாயங்காலம் வரை ஆட்கள் வந்துபோனார்கள். ஒவ்வொருவருக்கும் புளிக் கதையை முதலிலிருந்து சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு என் கணவர் தொட்டியருகே வந்து நின்றார்.

“பந்தயம் இருக்கட்டும். உனக்கு இன்னும் ஊருக்குப் போகணும்னு இருந்தா சொல்லு, எழுதிக் குடுத்துடறேன்.”

“குன்னூர்ல இது எல்லார் வேலியிலயும் பூக்கும்” என்றேன். “அங்க போய் நான் யார்கிட்ட காட்டுறது?”