ஆறாவது துப்பட்டி

ஏழு வயதில் எனக்கு யாரும் கொடுக்காத உத்தியோகம் ஒன்று இருந்தது. என் அக்காவை, ராத்தாவை, உளவு பார்ப்பது. அவள் படம் வரைவதில் கெட்டிக்காரி. பூ வரையலாம், படித்துறை வரையலாம், ஆளை மட்டும் வரையக் கூடாது. வரைந்தால் நோட்டு அடுப்புக்குத்தான் என்பது வாப்பாவின் கண்டிப்பு. என்றைக்காவது அவள் திருட்டுத்தனமாக ஆள் வரைவாள் என்று எனக்குப் பலத்த சந்தேகம். வாசனை ரப்பரைத் தரமாட்டேன் என்றாளே, அன்றிலிருந்து சந்தேகம் இன்னும் முற்றியது.

ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். குளிக்கப் போனதும் நோட்டைத் திறந்தேன். மேலப்பாளையத்தில் எங்கள் தெருதான். காரை பெயர்ந்த சுவர், கதவுகள், ஓட்டு நிழல் எல்லாம் பென்சிலில் கருகருவென்று இருந்தன. நடுவே ஆறு இடங்களில் மட்டும் ஒரு கோடுகூட இல்லாத வெறும் தாள். உற்றுப் பார்த்தேன். கலியாண வீட்டுக்குப் போகும் ஆறு பெண்கள், வெள்ளைத் துப்பட்டி போர்த்தியபடி!

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முகம் வேண்டாம். துப்பட்டிக்குள் யார் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவோம். முன்னால் போவது பெரியம்மா, குடையோடு எதிர்வீட்டு மாமி என்று ஐந்து பேரைப் பிடித்துவிட்டேன். ஆறாவது ஆள் மட்டும் பிடிபடவில்லை. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து, துப்பட்டி முனையைத் தூக்கிப் பிடித்தபடி கடைசியாகப் போனாள்.

நோட்டோடு வாப்பாவிடம் ஓடினேன்.

"வாப்பா, ராத்தா ஆள் வரஞ்சிருக்கா! அதுல ஒரு ஆளு நம்ம தெருவுலயே கெடையாது."

ஈரத் தலையோடு ராத்தா ஓடிவந்தாள். "நான் ஆள் வரையல வாப்பா. சொவரத்தான் வரஞ்சேன். அவங்க இருக்குத எடத்துல பென்சிலே படல. வேணும்னா தொட்டுப் பாருங்க."

அந்தச் சாக்கை நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வாப்பா தொட்டுத்தான் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்த விரல் ஆறாவது வெள்ளையில் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"சொவரு நல்லாத்தான் இருக்குளா" என்றார். நோட்டை இரண்டு கையாலும் ராத்தாவிடம் கொடுத்துவிட்டு, முகம் கைகால் கழுவி ஒளு செய்யப் போனார். தொழுகைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது.

இரண்டு பேரும் கூட்டு என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன்.

உம்மா மௌத்தாகிக் கண்ணை மூடியபோது நான் தொட்டில் பிள்ளை. ஒரு போட்டோகூட வீட்டில் கிடையாது. எப்படி இருப்பாள், எப்படி நடப்பாள் என்று எனக்கு யாரும் சொன்னதுமில்லை. அந்த ஆறாவது ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, அடுத்த வெள்ளிக்கிழமை வரை தெருமுனையில் காவல் நின்றேன்.