ரோஸ் அன்ரியின் சொந்தப் பிள்ளை

இருக்கிற வீட்டை விட்டு எழுப்பப்படுகிற ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பேசுகிற இடத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவருக்குக் கட்டாயம் வேண்டியது பொறுமை. அது என்னிடம் இல்லை. கொன்வென்ட் சிஸ்டர்மார் தந்த ஆங்கிலமும் வெள்ளவத்தை மார்க்கெட் தந்த சிங்களமும் இருப்பதால், கிழமைக்கு ஒரு நாள் சமையலை முடித்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். கொழும்பில் வாடகை வீட்டில் இருந்து சீரழிந்தவர்களுக்கு மற்றதெல்லாம் விளங்கும்.

புண்படுத்திய கேள்வி

சகுந்தலா பிளவுஸ் தைப்பவள். கொட்டாஞ்சேனையில் ரோஸ் அன்ரி வீட்டுப் பின்பக்க அனெக்ஸில்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். இடித்துக் கட்ட ஆசை வந்ததும் அன்ரி வழக்குப் போட்டுவிட்டா: "இவள் வாடகைக்கு வந்தவள் இல்லை, பாவம் பார்த்துச் சும்மா இருக்க விட்டேன்." வாடகைக்கு ரசீதுத் துண்டு எழுதும் வழக்கம் அங்கே இல்லை.

எங்கள் சட்டத்தரணி தில்ருக்ஷிக்குத் தமிழ் வராது. வாடகைக்காரி என்றால் சட்டம் காப்பாற்றும், விருந்தாளி என்றால் தெருதான் என்று அவ சொன்னதைச் சகுந்தலாவுக்கு விளக்கிவிட்டு, "நீ வாடகைக்காரிதானே?" என்று கேட்டேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா, அன்ரி எங்கள சொந்தப் புள்ள மாதிரி வச்சிருக்காங்க."

ஒத்திகை

அடுத்த கிழமை நானே எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று அவளைப் பழக்கினேன். வாடகை கொடுத்தாயா? கொடுத்தாளாம், ஆனால் அன்ரி வாய் திறந்து கேட்கவே மாட்டாவாம், மாதம் பிறந்ததும் இவளே கொண்டுபோய் மேசையில் வைப்பாளாம். நத்தார் பண்டிகைக்கு அன்ரியிடமிருந்து கேக் வருமாம். அதையும் கேட்காமலே சொன்னாள்.

"உன்னைப் பிள்ளைகளோடு ரோட்டில விடப்போறா, நீ அவவுக்குக் குடை பிடிக்கிறாய்" என்று கத்தினேன்.

"கோர்ட்டுல அவங்க மொகத்தப் பாத்து எப்படிக்கா சொல்றது, அவங்களுக்கு பிரஷர் வேற இருக்கு."

ஒரே வாங்கு

வழக்கு நாள். புதுக்கடை நீதிமன்ற விறாந்தையில் உட்கார இருந்தது ஒரே ஒரு வாங்கு, இரண்டு தரப்புக்கும் அதுதான். நான் டொய்லெட் தேடிப் போய் வருவதற்குள், சகுந்தலா பிளாஸ்க்கைத் திறந்து அன்ரிக்குத் தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் சீனி போடாமல், அன்ரிக்கென்றே ஊற்றிக்கொண்டு வந்தது. தில்ருக்ஷி தலையில் கை வைத்தா. எதிர்த்தரப்பு வக்கீலுக்கோ பல்லெல்லாம் வெளியே, என் பக்கம் திரும்பினார்.

"பாருங்கோ மிஸ், தாயும் மகளும் மாதிரி, இதுகளுக்குள்ள என்ன வாடகை?"

என் ஒரே சட்ட அறிவு

உள்ளே போகுமுன் தில்ருக்ஷியின் காதில் ஒன்று போட்டேன். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில் வீட்டின் சொந்தக்காரர் எதையும் பொறுப்பார், சுவரில் ஆணி அடித்தால் மட்டும் பொறுக்கமாட்டார். "அன்பைப் பற்றிக் கேட்காதேங்கோ, ஆணியைப் பற்றிக் கேளுங்கோ" என்று சிங்களத்தில் சொன்னேன்.

சாட்சிக் கூண்டில் அன்ரி தேன் வடியக் கதைத்தா. மகள் மாதிரி, பேரப்பிள்ளைகள் மாதிரி. தில்ருக்ஷி எழுந்து, சுவரில் சகுந்தலா ஆணி அடித்தபோதும் மகள்தானே என்று விட்டீர்களா என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டா. அன்ரியின் முகம் சிவந்தது. எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"புதுப் பெயின்ற் அடிச்ச சுவர், சாமிப் படத்துக்கெண்டு வரிசையா அடிச்சு வச்சிருக்கிறா, எத்தனை பேருக்கு அந்த அனெக்ஸை வாடகைக்குக் குடுத்தனான், இப்படி ஒரு வாடகைக்காரியை நான் கண்டதேயில்லை!"

வென்ற பிறகு

வழக்கு தள்ளுபடியானது. சகுந்தலா அதே அனெக்ஸில்தான் இருக்கிறாள். சீனி போடாத தேத்தண்ணியும் முன்வீட்டுக்குப் போகிறது. நன்றி சொல்ல எனக்கொரு பிளவுஸ் தைத்துக்கொண்டு வந்தாள். கச்சிதமான அளவு. ஆனால் வந்தவளின் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. என்னடி என்றேன்.

"இருந்தாலும் அன்ரி அத்தன பேரு முன்னால என்னய வாடகைக்காரின்னு சொல்லிட்டாங்களேக்கா."

சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருக்கும் வீட்டுக்காரர் வாய்த்தவர்கள், எதற்கும் சுவரில் ஒரு ஆணி அடித்து வையுங்கள்.