இருபத்துநான்கு அடிக்குள் ஐந்து மாதம்

சித்திரை மாதக் கடைசியில் எனக்கு வேலை முடிந்தது. இருபத்தொன்பது வருடங்கள் இந்த நகரத்தில் பஸ் ஓட்டினேன். கடைசி நாள் கேக் வெட்டி ஒரு மணிக்கூடும் தந்தார்கள். இனிமேல் நேரம் பார்க்கத் தேவையில்லாத ஆளுக்கு எதற்கு மணிக்கூடு என்று எனக்கு விளங்கவில்லை. அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் படுத்தேன். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நான் குசினிக்குள் போனபோது என் மனைவி திடுக்கிட்டுக் கையிலிருந்த கோப்பையை விட்டுவிட்டாள். கள்ளன் என்று நினைத்தாளாம்.

அவளில் பிழையில்லை. நாங்கள் கலியாணம் முடித்து முப்பத்தொரு வருடங்கள். ஆனால் காலை ஏழு மணிக்கு நான் விழித்திருந்து அவள் கண்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். எங்களோடு இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய சனத்தில் பாதிப்பேர் இப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். ஒருவருக்குக் காலை வேலை என்றால் மற்றவருக்குப் பின்னேர வேலை. பிள்ளையைப் பார்க்க வெளியாள் தேவையில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்த காலத்தில் அவள் ஆஸ்பத்திரிக் குசினியில் காலை ஆறு மணிக்குத் தொடங்குவாள், நான் பின்னேரம் மூன்றரைக்குப் பஸ் எடுப்பேன். கீழே லிப்ட் வாசலில் அவள் உள்ளே வர, நான் வெளியே போவேன். மூத்தவளைக் கை மாற்றும்போது பேசுகிற நாலு வசனம்தான் அன்றைய குடும்ப வாழ்க்கை. காய்ச்சல் இல்லை, பால் குடித்துவிட்டாள், சோறு அடுப்பில் இருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போங்கோ.

பிறகு வோபர்னில் வீடு வாங்கினோம். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போனார்கள். அதற்குப் பிறகும் நான் பின்னேர வேலையை விடவில்லை. சேவைக்காலம் கூடிய எனக்கு, கேட்டிருந்தால் காலை வேலை தந்திருப்பார்கள். ஏன் கேட்கவில்லை என்றால் பழகிப்போச்சு என்பதைத் தவிர என்னிடம் ஒரு பதிலும் இல்லை.

வைகாசி முழுவதும் வீட்டில் இருந்து பார்த்தேன். அவள் ஒரு வருடம் முன்பே ஓய்வு எடுத்திருந்தாள். காலையில் மாதா கோயில் பூசை, பிறகு தோழிகளோடு மோல் கடைத்தொகுதிக்குள் நடை, பிறகு சமையல், பிறகு போன் என்று அவளுடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கில் எனக்கு இடம் போடப்படவில்லை. பதினொரு மணிக்கு அவள் தனியே சாப்பிடுவாள், இரண்டு மணிக்கு நான் தனியே சாப்பிடுவேன். சண்டை எதுவும் இல்லை. இருவருமே வீட்டில் இருந்துகொண்டு இப்படிச் சாப்பிடுகிறோமே என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அப்போதுதான் ஆர்.வி. வாங்குகிற எண்ணம் வந்தது. படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளே இருக்கிற பெரிய வாகனம். வெள்ளைக்காரர் ஓய்வு எடுத்ததும் குளிருக்குத் தப்பி ஓடிப்போவது இதில்தான். வழக்கமாக எல்லை தாண்டித் தெற்கே வெயிலுக்குப் போவார்கள். இப்போது இரண்டு அரசாங்கங்களும் முறுகிக்கொண்டு நிற்பதால் எல்லைக்கு அந்தப் பக்கம் போகப் பலருக்கு மனமில்லை. நானும் மேற்கே போவதென்று முடிவெடுத்தேன். பனி கொட்டுமுன் புரட்டாதிக் கடைசியில் வெளிக்கிட்டு, வன்கூவர் தீவில் மழையோடு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மாசியில் திரும்புவது. ஐந்து மாதம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். மனைவிக்கு நான் சொன்ன காரணங்கள் வேறு: முழங்கால் நோ, ஸ்னோ அள்ளுகிற வேலை, ஹீற்றர் செலவு. உன்னோடு இருக்க ஆசையாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபத்திநாலு வயதில் அதைச் சொல்லுவது வெட்கக்கேடு என்று நினைத்தேன். மகளோ கேட்டதும், "அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்று போனில் சிரித்தாள்.

ஒஷாவாவில் ஒரு வயதான தம்பதியிடம் இருபத்துநான்கு அடி வாகனம் ஒன்று விலைக்கு இருந்தது. மனிதருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் விற்கிறார்கள். எனக்கு அது விளையாட்டுச் சாமான் போலிருந்தது. நாற்பது அடி பஸ்ஸைப் பனியில் வளைத்தவன் நான். மனைவி ஓட்டுகிற பக்கமே போகவில்லை. அடுப்பைத் திறந்து மூடினாள், கட்டிலில் கை வைத்து அமத்திப் பார்த்தாள், தாளித்தால் மணம் தலையணையில் நிற்கும் என்றாள். கக்கூசுத் தொட்டியைக் குழாய் பூட்டி எப்படி வெளியேற்றுவது என்று அந்த மனிதர் விளக்கி முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "உது உங்கட வேலை" என்றாள். வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டு வாகனத்தை ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

அன்று முதல் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீற்றர், இத்தனை மணிக்கு நிற்பது என்று பஸ் அட்டவணை போலவே ஒரு பட்டியல் எழுதினேன். ஏரிக்கரைகளிலும் பார்க்குகளிலும் இரவு தங்க இடங்கள் பார்த்து வைத்தேன். ஒரு நாள் காலை வந்து பார்த்தால் வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டங்கள். சட்பரியில் அவளுடைய தமையனின் சம்பந்தி வீடு. வின்னிபெக்கில் ஒன்றுவிட்ட தங்கை. றெஜைனாவில் எங்கள் ஊர்த் தேவாலயப் பங்கில் முன்பு இருந்த ஆசிரியர். கல்கரியில் இரண்டு வட்டம். எங்கள் ஆட்களிடம் இது எழுதாத சட்டம். ஒரு சொந்தக்காரர் இருக்கிற ஊரில் காசு கொடுத்துப் படுத்தால் அது அவர்களைக் கன்னத்தில் அறைந்தது போல. தெரியாமல் கடந்து போனாலோ, அடுத்த கலியாணவீட்டில் நாங்கள்தான் கதை. நாலைந்து வட்டம்தானே என்று நினைத்தேன்.

நினைத்தது பிழை. ஆனி மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் ஒரு பிள்ளை தேவாலயத்தில் முதன்முதல் நற்கருணை வாங்கியதற்கு முதல்நன்மை விருந்து. அங்கே என் மனைவி, தன் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரே ஒரு அன்ரியிடம் எங்கள் பயணத்தைச் சொன்னாள். ஐஸ்கிறீம் வருமுன் மண்டபம் முழுவதும் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே போன் அடிக்கத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே பேச்சு. நீங்கள் அந்தப் பக்கம் போறியளாம், வாகனத்தில இடமும் இருக்காம், ஒரு சின்னப் பார்சல்தான்.

ஆடி முடிவதற்குள் எங்கள் முன்னறையில் நடக்க வழியில்லை. மகனுக்கு இங்கே அரைத்த மிளகாய்த்தூள். பேரப்பிள்ளைக்குத் தைத்த பாவாடை சட்டை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. மூன்று உறையில் சுற்றியும் மணம் அடங்காத கருவாடு. கலியாண அழைப்புக் காட் ஒரு கட்டு, மேற்கே இருக்கிற எல்லோருக்கும் நேரில் கொடுக்க. எல்லாவற்றுக்கும் மேலே, கல்கரியில் புது வீடு வாங்கிய ஒருவருக்காக மூன்றடி உயர மாதா சிலை, எங்கள் பேச்சில் சுருவம், பழைய போர்வையால் சுற்றியபடி சோபாவில் இருந்தது. தொலைக்காட்சி பார்க்க நான் மாதாவுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டியிருந்தது.

எனக்குப் பொறுமை குறைவு. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஒரு நாள் குளியலறையிலிருந்து எடை பார்க்கிற தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாகனத்தில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. எங்கள் இரண்டு பேரின் நிறை, தண்ணீர், உடுப்பு, சாப்பாடு எல்லாம் கழித்தால் நூற்றிருபது கிலோ மிச்சம். பார்சல்களை ஒவ்வொன்றாக நிறுத்துக் கடதாசியில் எழுதினேன். சுருவத்தைத் தூக்கித் தட்டில் வைத்தபோது மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"மாதாவையும் நிறுக்கிறியளே?"

பாரத்துக்கு மாதாவும் மிளகாய்த்தூளும் ஒன்றுதான் என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கூட்டிப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றேழு கிலோ வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. வரைபடத்தை எடுத்து அவளுடைய வட்டங்களை எண்ணினேன். அப்போது அவை பதினாறாகியிருந்தன. வீட்டுக்கு ஓரிரு நாள் என்று பார்த்தால் போகிற வழியில் முப்பத்தெட்டு இரவு, அதில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருப்பது ஏழே ஏழு இரவு. இதற்கு எதற்கு ஆர்.வி., பேசாமல் பார்சல் கொம்பனி தொடங்கலாமே என்று கத்தினேன். கத்தின வேகத்தில், இத்தனை மாதம் வராத வார்த்தையும் வந்துவிட்டது.

"உம்மோட தனிய இருக்கத்தானே நான் உந்த வாகனத்தை வாங்கினனான்."

அவள் சோபாவில், சுருவம் இருந்த இடத்தில் போய் இருந்தாள். அவள் கோபப்படுவாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் கோபப்படவில்லை.

"எனக்கு அதுதானப்பா பயம்" என்றாள். "உங்களை எனக்குத் தெரியாது. கதிரையில கழட்டிப் போட்ட சேர்ட்டைத் தெரியும், சிங்குக்குள்ள கிடக்கிற கோப்பையைத் தெரியும். அஞ்சு மாசம் உந்தப் பெட்டிக்குள்ள இருந்து பாத்து, ரெண்டு பேருக்கும் பிடிக்காமப் போச்செண்டா பிறகென்ன செய்யிறது? இப்ப தெரியாமலெண்டாலும் இருக்கிறம்."

அவள் போட்ட வட்டம் ஒவ்வொன்றும், வாங்கி அடுக்கிய பார்சல் ஒவ்வொன்றும் எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆளை இருத்தி வைக்கத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. என் மீது வெறுப்பு என்றால் தாங்கியிருப்பேன். பயம் என்றது வலித்தது. எனக்குள்ளும் அதே பயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னேர வேலையை நான் விடாததற்கு அதைவிட வேறு காரணம் என்ன?

அதற்கு மூன்றாம் நாள் பின்னேரம் நான் வாகனத்துக்குள் தண்ணீர்ப் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு தேத்தண்ணியோடு ஏறி வந்து, மடக்கு மேசைக்கு முன்னால் இருந்தாள். இருந்து பழக வேணுமே என்றாள். நானும் எதிரே இருந்தேன். முழங்காலோடு முழங்கால் முட்டியது. ஆடிக்கூதல் என்று இந்த நாட்டில் ஒன்றும் இல்லை, நல்ல வெக்கை. என்ன கதைப்பது என்று தெரியவில்லை. கடைசியில், ஆஸ்பத்திரியில் வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குத்தான் வருவீரா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் கேட்டதேயில்லை.

பிள்ளைகள் பெரிதான பிறகு எப்போதும் நேரே வருவதில்லை என்றாள். சில நாள் சப்வே ஸ்டேஷனில் நின்று என் பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாளாம். அங்கே எல்லாக் கதவும் திறப்பார்கள். அவள் பின்கதவால் ஏறி, கடைசிச் சீற்றில் இருந்து, பாதையின் முடிவு வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாளாம்.

ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிற ஆள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. கண்ணாடியில் பின்சீற்றைப் பார்ப்பது எங்களுடைய வேலையில் ஒரு பகுதி. நான் அவளை ஒரு நாளும் காணவில்லை. குளிர் ஜக்கெற்றும் தொப்பியும் போட்ட ஒரு பெண்ணைக் கண்டிருப்பேன்.

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் வேலையில நிண்டனீங்கள்" என்றாள். "சனத்தோட எப்பிடிக் கதைக்கிறியள் எண்டு பாக்க வந்தனான். ஒரு கிழவியை இறக்கிவிட எழும்பி வந்தீங்கள். நல்லாச் சிரிச்சீங்கள். வீட்டில நான் உந்தச் சிரிப்பைக் கண்டதில்லை."

எத்தனை தரம் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்க அந்தப் பெட்டிக்குள் இடம் இல்லை.

அடுத்த கிழமை பார்சல்களைத் திருப்பிக் கொடுக்கிற வேலை தொடங்கியது. அந்தப் பழியை நான் ஏற்றுக்கொண்டேன். எடைத் தட்டின் கதையை வீடுவீடாகச் சொல்லி, வாகனம் பாரம் தாங்காது என்றேன். சிலருக்கு மனவருத்தம், கருவாடு தந்தவர் இன்னும் முகம் தந்து பேசுவதில்லை. மாதாவைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. கல்கரியில் ஒரு மணித்தியாலம் நிற்பது, மாதாவை இறக்குவது, தேத்தண்ணி மட்டும் குடிப்பது என்று முடிவானது. வரைபடத்தில் மற்ற வட்டங்களை அவளே வெள்ளை மையால் அழித்தாள்.

வின்னிபெக் தங்கைக்குச் சொல்லுவதுதான் கடினமாக இருந்தது. அந்தப் பிள்ளை எங்களுக்கென்று புதுக் கட்டில் வாங்கி வைத்திருந்தாள். நான் பேசுகிறேன் என்றேன், மனைவி விடவில்லை. போனை எடுத்துக்கொண்டு குசினி மேசையில், எனக்கு எதிரே இருந்தாள். சாப்பாட்டு நேரம், எங்கள் இரண்டு சாப்பாட்டுக் கோப்பையும் மேசையில் இருந்தன.

"போகேக்க வரேல்லையடி, கோவிக்காதை" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "திரும்பி வரேக்க கட்டாயம் வாறம். அப்பவும் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருந்தமெண்டா, அந்த ஒரு கட்டில் போதும். இல்லாட்டி இன்னொண்டு வாங்கி வை."